பதினான்காம் எண் கட்டில்

காலை ஐந்தே முக்கால் மணி மிதவைத் தொடர்வண்டியில் ஏறும்போது நவநீதனின் பையில் ஒரு சோற்று டப்பாவும், குழாய்ச் சாவியும், நேற்று இரவு அவன் படுத்து எழுந்த படுக்கை விரிப்பும் தலையணை உறையும் இருந்தன. சோற்றை மறந்தால் ஒரு வேளைப் பட்டினி, அவ்வளவுதான். விரிப்பை மறந்தால் தீவில் வேலையே போய்விடும்.

ஜொகூரையும் தீவையும் இணைக்கும் பாலத்தில் இப்போது வாயில் கிடையாது, வரிசை கிடையாது, கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து முகத்தையும் பார்க்கிற ஆள் கிடையாது. ஒரு பெருநாள் சமயத்தில் வாகனங்கள் பதினோரு மணி நேரம் நகராமல் நின்று, பாலத்தின் நடுவிலேயே ஒரு பிரசவமும் நடந்த பிறகு, இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசின. பாலத்தைக் கடப்பவர் யாரையும் இனிப் பதிவு செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் சந்தேகம் வேலை போனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ரகமா? அது வாயிலை விட்டுக் கிளம்பி நேராகப் படுக்கையறைக்குள் வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் வாரத்தில் ஐந்து இரவாவது தீவுக்குள், பதிவு செய்த முகவரியில் தூங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலில் யாரும் அதை மதிக்கவில்லை. ஒரே கதவு எண்ணில் அறுபது பேர் பதிந்துகொண்டு, சாயங்காலமானால் அக்கரைக்குப் போய் அவரவர் வீட்டில் தூங்கினார்கள். அவர்களைப் பிடிக்கத்தான், யார் எங்கே தங்குகிறார் என்று கண்காணிக்கும் உறைவுத்துறை, உறைவுமானி என்ற கருவியைக் கொண்டுவந்தது. பார்க்க இஸ்திரிப் பெட்டி அளவில் இருக்கும். படுக்கையின் மேல் ஒருமுறை இழுத்தால், தூக்கத்தில் மனிதன் உதிர்த்த தோல்துகளை அது உறிஞ்சிக்கொள்ளும். துகள் யாருடையது, எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்து, யார் எப்போது படுத்தார், எவ்வளவு நேரம் படுத்தார் என்பதை நிமிடக் கணக்கில் சொல்லிவிடும். ‘உங்கள் படுக்கைக்கு உங்களைத் தெரியும்’ என்று விடுதிச் சுவர்களிலெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்.

அத்தனை அறிவாளிகள் சேர்ந்து செய்த கருவியில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. விரிப்பைச் சுருட்டிப் பைக்குள் வைக்கலாம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் யாரும் தங்கள் அழுக்குத் துணியைத் தாங்களே தூக்கியவர்கள் இல்லை போலிருக்கிறது.

நவநீதனுக்குத் தோன்றியது. தீவின் அடுக்குப் பண்ணையில் அவன் நீர்க்குழாய்களைப் பராமரிப்பவன். முப்பது மாடி உயரத்துக்குக் கீரை வளர்க்கும் அந்தப் பண்ணை கொடுத்த வேலை அனுமதியில் குடும்பத்துக்கு இடம் இல்லை, ஏழு வருடமாகக் கேட்டும் கிடைக்கவில்லை. மனைவி ரூபவதியும் ஏழு மாதக் குழந்தை தேன்மொழியும் ஜொகூரில் இருந்தார்கள். குழந்தை பிறந்த வாரமே அவன் முடிவு செய்துவிட்டான். உடம்பு வீட்டில் தூங்கும், துகள் மட்டும் தீவுக்குப் போகும்.

வீட்டில் இரண்டு ஜோடி விரிப்பும் உறையும் இருந்தன, இரண்டும் ஒரே நீல நிறம். இரவு ஒரு ஜோடியில் மூவரும் படுப்பார்கள். காலையில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தீவில் தன் பதிவு முகவரியான தொழிலாளர் விடுதியின் ஏழாம் அறைக்குப் போய், பதினான்காம் எண் கட்டிலில் விரிப்பான். அங்கே முந்தின நாள் விரித்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். மாலையில் அது வீட்டுக்கு வரும். இரவு அதில் படுப்பார்கள். அவன் சொல்லாமல் எதையும் துவைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மனைவி, குழந்தை துகளும் சேர்ந்து வருமே என்று அவனுக்கு முதலில் பயம்தான். ஆனால் ஏழு மாதமாகத் துறையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பயமும் பழகிவிட்டது.

"என்னங்க, விரிப்புல தைல வாசன அடிக்குது," என்று ஒருமுறை ரூபவதி மூக்கைச் சுளித்தாள். "யூகலிப்டஸ் தைலம். உங்க ரூம்ல யாருக்கு சளி?"

"பக்கத்துக் கட்டில் ஐயாக்கண்ணுவா இருக்கும். விடு," என்றான் அவன்.

அன்று காலை அவன் உள்ளே நுழைந்தபோது, இரவு வேலை முடித்து வந்த ஐயாக்கண்ணு பதின்மூன்றாம் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். புதுக்கோட்டைக்காரன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "வந்துட்டியாண்ணே, ஒன் பொண்டாட்டி சீலைய விரிச்சிட்டுப் போ," என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஏழு மாதமாக அந்தச் சிரிப்பு நவநீதனைக் கொஞ்சம் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. இவன் ஒருநாள் யாரிடமாவது உளறிவிட்டால்?

பதினோரு மணிக்கு, இருபத்திரண்டாம் மாடியில் பசலைக் கீரைத் தொட்டிகளுக்கு நடுவே அவன் குனிந்திருந்தபோது, கைத்தகடு அதிர்ந்தது. உறைவுத்துறையிலிருந்து வந்த அறிவிக்கை. கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படித்தான்.

பதினான்காம் எண் கட்டிலில் கடந்த ஏழு மாதமாக நான்கு பேர் படுத்து எழுவதாக ஆண்டு அளவைத் தொகுப்பில் தெரியவந்திருக்கிறது. முதல் நபர், நவநீதன், இரவு தோறும். இரண்டாம் நபர், வயது வந்த பெண், பெயர் காட்டப்படவில்லை, இரவு தோறும். மூன்றாம் நபர், கைக்குழந்தை, பெயர் காட்டப்படவில்லை, இரவு தோறும். நான்காம் நபர், வயது வந்த ஆண், பெயர் காட்டப்படவில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள், பிற்பகல் ஒன்று பத்திலிருந்து ஒன்று நாற்பது வரை. அனுமதியற்றவர்களைத் தங்கவைத்த குற்றத்துக்காக நாளை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வர வேண்டும். குற்றம் உறுதியானால் வேலை அனுமதி ரத்தாகும், பத்தாண்டுகள் தீவுக்குள் நுழைய முடியாது.

பயந்துபோனான். முதலில் வேலையை நினைத்துத்தான். கீரைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டாம் முறை படித்தபோது, கண் நான்காம் நபரிடம் போய் நின்றுவிட்டது.

ஐயாக்கண்ணுதான் என்று முதலில் நினைத்தான். மாலையில் விடுதிக்கு ஓடி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை நிறுத்தினான்.

"உண்மையச் சொல்லு. பகல்ல என் கட்டில்ல படுக்கிறியா?"

ஐயாக்கண்ணுவின் முகம் சுருங்கியது. "ஏண்ணே, எனக்குன்னு கட்டில் இல்லையா? படுத்தா பொணம் மாதிரி தூங்குறவன் நான். பக்கத்துக் கட்டில் காலியாவே கெடக்குன்னு ஒரு நாளாச்சும் எவன்கிட்டயாச்சும் சொல்லியிருப்பனா? என்னயப் போயி சந்தேகப்படுறியே."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஐயாக்கண்ணு தீவில் பதிவானவன், அவன் துகளாக இருந்தால் கருவி அவன் பெயரையே போட்டிருக்கும். கருவிக்குப் பெயர் தெரியாதவர்கள் ரூபவதியும் குழந்தையும்தான், அவர்கள் அக்கரைக்காரர்கள் என்பதால். அப்படியானால் பெயர் தெரியாத நான்காம் ஆளும் அக்கரைக்காரன். அக்கரையில் அந்த விரிப்பு கிடப்பது ஒரே ஒரு வீட்டில்.

மிதவைத் தொடரில் திரும்பும்போது நவநீதன் கடலைப் பார்க்கவில்லை. பிற்பகல் ஒன்று பத்து. குழந்தை தூங்கும் நேரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள். ஏழு மாதமாக அந்தக் கருவியை ஏமாற்றி வருகிறவன், அது சொன்ன ஒரு வரியை அப்படியே நம்பினான். வேடிக்கைதான், ஆனால் அவனுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

வீட்டில் ரூபவதி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றும்போதே பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தான். இரண்டு கோப்பைகள் கவிழ்ந்திருந்தன.

"இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"கேஸ்காரன் வந்தான். ஏன்?"

"எப்போ, மத்தியானமா?"

"காலையில. என்னாச்சு உங்களுக்கு? மொகமே சரியில்ல."

"ரெண்டு கப்பு இருக்கு."

"ஒண்ணுல நான் குடிச்சேன், ஒண்ணுல பாப்பாவுக்கு மருந்து கலக்குனேன்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னான்னு நேரா கேளுங்களேன்."

அவன் நேராகக் கேட்கவில்லை. கைத்தகட்டை நீட்டினான். அவள் படித்தாள். நான்கு பேர் என்ற இடத்தில் சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு. அப்புறம் சிரிப்பு நின்றது.

"நாலாவது ஆளு யாருன்னு என்கிட்ட கேக்குறீங்களா?"

"மெஷின் ஏன் பொய் சொல்லணும் ரூபா?"

"ஏழு மாசமா அந்த மெஷினப் பொய் சொல்ல வைக்கிறது யாரு?"

"அது வேற."

"வேறயா." அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவள் தன்னை நிமிர்ந்து பார்க்காததையும் அவன் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டான். "சரி. மத்தியானம் ஒண்ணு பத்துக்கு இந்த விரிப்பு எங்க இருக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

"பேச்ச மாத்தாத."

அவள் கைத்தகட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "நான் ஒரே வார்த்தையில சொல்லிடுவேன். ஆனா நான் வெளக்கம் சொல்லித்தான் நீங்க என்ன நம்பணும்னா, அந்த நம்பிக்க எனக்கு வேணாம். அந்தத் துறைக்காரன் எழுதுனதையே நம்பிக்குங்க."

அன்றிரவு அவன் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தான். காலையில் ஏழு மாதத்தில் முதல்முறையாக விரிப்பை எடுக்காமல் வெறும் பையோடு கிளம்பினான். ரூபவதி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

உறைவுத்துறை அலுவலகத்தின் மூன்றாம் மாடி அறையில் விசாரணை அதிகாரி கோமளா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், கோப்பைப் பார்க்கிற மாதிரியே ஆளையும் பார்ப்பவர். மேசையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது, பேசுவதெல்லாம் பதிவாகிறது என்று அர்த்தம். தள்ளி, சன்னல் ஓரம் ஒல்லியான ஒருவர் நின்றிருந்தார்.

"இவர் மரியதாஸ். உங்க விடுதியில படுக்கைய அளக்கிற அளவையர்," என்றார் கோமளா. "நீங்க வேலைக்குப் போன பிறகுதான் வருவார், பார்த்திருக்க மாட்டீங்க. அளக்கிறது அவரு, ஆனா முடிவு நேரா இங்க வந்திடும், அவரால மாத்த முடியாது. இப்ப சொல்லுங்க. அந்தப் பொண்ணு யாரு, குழந்தை யாரோடது?"

"என் மனைவி. என் பொண்ணு."

"அனுமதி இல்லாம விடுதியில கொண்டுவந்து வச்சிருக்கீங்க."

"அந்த நாலாவது ஆளு யாருங்க?"

"குற்றச்சாட்டு பொண்ணையும் குழந்தையையும் பத்தித்தான். நாலாவது நபர் இதுல வரல."

"எனக்கு அவன் பேரு வேணும்."

கோமளா பேனாவை வைத்தார். "நவநீதன், உங்க வேலை அனுமதி போகப்போகுது. அதைப் பத்திப் பேசுங்க."

அவன் ராத்திரி முழுக்கத் தூங்காதவன். வேலை போகட்டும், பத்தாண்டு போகட்டும், அந்தப் பெயர் தெரியாமல் இனி வீட்டுக்குள் கால் வைக்க முடியாது என்று தோன்றியது. வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அவங்க யாரும் இங்க வந்ததே இல்லைங்க. ஏழு மாசமா நானும் இங்க தூங்கல. தெனம் அக்கரையில என் வீட்டுலதான் தூங்குறேன். வீட்டு விரிப்பக் காலையில கொண்டாந்து அந்தக் கட்டில்ல போடுவேன், பழையத எடுத்துட்டுப் போவேன். இதான் நடக்குது. என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா என் வீட்டு விரிப்புல படுத்தவன் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

கோமளா அவனைப் பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டி, அவன் சொன்னதைப் பதிவிலிருந்து அழித்துவிட்டுப் பச்சை விளக்கை அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து மரியதாஸ் இருமினார். மேசை மேலிருந்த தண்ணீரை எடுக்க இரண்டடி முன்னால் வந்தார். யூகலிப்டஸ் தைலம் குப்பென்று அடித்தது.

நவநீதன் எழுந்து நின்றுவிட்டான். மத்தியானம் ஒன்று பத்துக்கு விரிப்பு எங்கே இருக்கும்? ஒரு ஜோடி பதினான்காம் எண் கட்டிலில் விரிந்திருக்கும். இன்னொன்று அவன் பைக்குள், பண்ணையின் இருபத்திரண்டாம் மாடியில் இருக்கும். இரண்டு ஜோடியும் தீவில்தான். மத்தியானத்தில் அவன் வீட்டுக் கட்டிலில் விரிப்பே கிடையாது. தினமும் தன் கையாலேயே சுருட்டி எடுத்து வருகிறவனுக்கு இது தெரியவில்லை. அவள் கேட்டதுமே தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்கதானா?" என்றான் மரியதாஸைப் பார்த்து.

மரியதாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் அக்கரைதான் தம்பி. எனக்கும் இதே அனுமதிதான். மூணரைக்கு எந்திரிச்சு வர்றேன். ஒரு நாளைக்கு நூத்தி இருபது படுக்க அளக்கணும். மத்தியானத்துல கால் நிக்காது. அரை மணி நேரம் எங்கயாச்சும் தலைய சாய்ச்சாத்தான் உண்டு. உங்க கட்டில் ஒண்ணுதான் எப்பவும் காலியா, சுத்தமா இருக்கும். விரிப்புல பால் வாசன அடிக்கும். என் பேரப்புள்ள ஞாபகம் வரும்." அவர் கோமளாவின் பக்கம் பார்க்கவில்லை. "அது எப்படி எப்பவும் காலியா இருக்குதுன்னு எனக்கும் தெரியும். நான் சொல்லல. சொல்லியிருந்தா நான் எங்க போயித் தூங்குறது?"

"இவரு பேரு ஏன் வரல?" நவநீதன் கோமளாவின் பக்கம் திரும்பினான்.

"துறை ஊழியர் பெயரைக் கருவி காட்டாது," என்றார் கோமளா. "அளக்கும்போது அவங்க துகளும் விழத்தான் செய்யும். அதனால மறைச்சு வச்சிருக்கோம்."

"அத ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? பேரு தெரியாததும் பேர மறைச்சதும் ஒண்ணா? ஒரே மாதிரி எழுதி அனுப்பியிருக்கீங்களே!"

கோமளா எழுந்து சன்னலுக்குப் போனார். கீழே பாலம் தெரிந்தது. அடுத்தடுத்து மிதவைத் தொடர்கள் போய்க்கொண்டிருந்தன. அதில் எத்தனை பேரின் பையில் விரிப்பு இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

"மூணு வருஷத்துல இந்தக் கருவி சொன்னத வச்சு பதினோராயிரம் பேரத் திருப்பி அனுப்பியிருக்கோம்," என்றார். "அதுல ஆயிரம் பேரோட கோப்புல இருக்கிற கையெழுத்து என்னோடது. விரிப்பு பாலத்தைக் கடக்கும்னு நான் இன்னிக்கு எழுதினா, நாளைக்கு அத்தனை பேரும் இந்த வாசல்ல நிப்பாங்க. நிக்கிறது நியாயமும்கூட. ஆனா அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல." திரும்பி வந்து உட்கார்ந்தார். "அதனால நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல. கருவி தப்பு செய்யாது. உங்க மனைவியும் குழந்தையும் பதினான்காம் எண் கட்டிலிலதான் இருக்காங்க."

பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. அவர் குரல் மாறி, எழுத்துத் தமிழுக்கு வந்தது. "குழந்தை பிறந்தது முதல் தீவிலேயே உறங்கி வருவது அளவையால் உறுதியாகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உறைவிடத்திலிருந்து பெயர்க்கக் கூடாது என்ற கைக்குழந்தை விதியின்படி, தாய்க்கும் குழந்தைக்கும் குடும்ப உறைவுச் சான்று வழங்கப்படுகிறது. விடுதியின் குடும்பப் பகுதியில் ஓர் அறை ஒதுக்கப்படும். மாத அளவையில் மூவரின் துகளும் இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் முகவரி பொய் என்று கொள்ளப்பட்டு, வேலை அனுமதி ரத்தாகும்."

ஏழு வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத தாள் அவன் கைக்கு வந்தது. மூன்று பெயர்களும் அச்சிலிருந்தன. வெளியே வரும்போது மரியதாஸ் பின்னாலேயே வந்து, "தம்பி, வீட்டுல ஏதும் பிரச்சின ஆயிடலையே?" என்று கேட்டார். நவநீதன் அவரை அடிக்கத்தான் நினைத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் படியிறங்கிவிட்டான்.

மிதவைத் தொடரில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனவுடன் அவள் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தான். மத்தியானம் விரிப்பு எங்கே இருக்கும் என்று நானே கண்டுபிடித்துவிட்டேன் ரூபா, நான் ஒரு மடையன் என்று முதலில் சொல்ல வேண்டும். தாளை அப்புறம் காட்டலாம். இனிப் பையில் விரிப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், குழந்தை காலையில் எழும்போது அவன் பக்கத்தில் இருப்பான். மூன்று முறை கூப்பிட்டும் அவள் கைத்தகட்டை எடுக்கவில்லை. குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பின்பக்கக் கொடியில் நீல விரிப்பும், தலையணை உறையும், குழந்தையின் தூளித் துணியும், அவளுடைய போர்வையும் வரிசையாகத் தொங்கின. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் துவைக்கக்கூடிய ஒரு துணியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அவன் சொல்லாமல் துவைத்தது இதுதான் முதல்முறை.

அப்போதுதான் கைத்தகடு அதிர்ந்தது. அவள் எழுதியிருந்தாள். ‘பாப்பாவ கூட்டிக்கிட்டு சிரம்பானுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். எல்லாத்தையும் நல்லா தேச்சு துவைச்சுட்டேன். இனிமே அதுல நானும் இல்ல, பாப்பாவும் இல்ல, நீங்க நெனைக்கிற ஆளும் இல்ல. மெஷின வச்சு நிம்மதியா அளந்து பாத்துக்குங்க. என்னத் தேடி வராதீங்க.’

மறுபடி கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. ‘தெரிஞ்சிருச்சு ரூபா, தப்பு என்னோடது’ என்று எழுதி அனுப்பினான். அவள் படித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று அவன் சொன்னாலும், அதுவும் ஏதோ ஒரு கருவியோ அதிகாரியோ சொல்லித்தானே தெரிந்திருக்கும் என்று அவள் நினைப்பாள். அது உண்மையும்கூட.

கொடியிலிருந்து தலையணை உறையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான். பால் வாசனையும் இல்லை, அவள் தலை எண்ணெய் வாசனையும் இல்லை. சவுக்காரம் மட்டும் மணத்தது. சட்டைப்பையில் இருந்த சான்றில், நவநீதன் தன் மனைவி ரூபவதியுடனும் மகள் தேன்மொழியுடனும் ஒரே படுக்கையில் வசித்து வருவது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. உறையிலிருந்து வழிந்த தண்ணீர் அதையும் நனைத்துக்கொண்டிருந்தது.